நாற்பத்தெட்டு நொடிக்கு ஒன்பது நாள்

ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேப்பம்பட்டில் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. காலையில் வண்டிச் சத்தம் கேட்டால் கால் இன்னும் தானாகச் செருப்பைத் தேடுகிறது. தேடிய செருப்பை வீணாக்குவானேன் என்று மாட்டிக்கொண்டு போய்ப் பால் வாங்கி வருகிறேன். இப்போது என் டூட்டி அவ்வளவுதான்.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. என் நாற்காலியில் எனக்குப் பின் உட்கார்ந்திருப்பவர் பேசினார். "சார், தேர்தல் வேலைக்குப் புதுசா ரூல் எல்லாம் வந்துக்கினே இருக்குது. கம்ப்யூட்டரே செஞ்ச வீடியோன்னா அத அதுலயே எழுதிக் காட்டணுமாம். எங்களுக்கு ஒண்ணும் ஓடல. நம்ம ஆபீஸ்ல மொதமொதல்ல இன்டர்நெட் செல்லை நடத்தினவர் நீங்கதான். உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், டிரெய்னிங்ல படிச்சிக் காட்டறோம்" என்றார்.

எனக்குத் தலை கொஞ்சம் வீங்கியது. போனை வைத்ததும் மனைவியிடம் சொன்னேன். "பாஸ்வேர்டு மறந்துட்டு வாரத்துக்கு மூணு வாட்டி என்னைக் கேக்கற ஆளு நீங்க. உங்ககிட்டயா இன்டர்நெட்டப் பத்திக் கேக்கறாங்க?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னது உண்மை. அதனால் இந்தக் கட்டுரையில் இணையத்தைப் பற்றி யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. என்னைப் பற்றி வேண்டுமானால் கற்றுக்கொள்ளலாம். எந்த அலுவலகம், எந்தத் தேர்தல் என்று சொல்லப் போவதில்லை. பென்ஷன் வாங்குகிறவனுக்குக் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் தபால் பிரித்தேன், பதிவேட்டில் ஏற்றினேன், மேசைக்கு மேசை கோப்பு தூக்கினேன். பிறகு ஒருநாள் எனக்குள் ஒரு திறமை இருப்பது தெரிந்தது. எந்த மனுவைக் கையில் கொடுத்தாலும் அதில் எது இணைக்கப்படவில்லை என்பது பக்கத்தைப் புரட்டும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். சான்றொப்பம் இல்லையா, பிரதி குறைகிறதா, தேதி விட்டுப் போயிருக்கிறதா, மூக்கு வேர்த்துவிடும். மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் மற்ற பிரிவுக்காரர்கள்கூட என்னிடம் கொண்டுவருவார்கள். என் பெயர் ரங்கநாதன். அலுவலகத்தில் ரிட்டர்ன் ரங்கநாதன். அதைப் பட்டமாக நினைத்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு தேர்தல் வந்தது. வேட்பாளர்கள் டி.வி.யிலோ ரேடியோவிலோ இணையத்திலோ விளம்பரம் போட வேண்டுமென்றால் முதலில் ஒரு குழுவிடம் காட்ட வேண்டும். குழு பார்த்து, ஆட்சேபம் எதுவும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் வெளியிடலாம். அந்தக் குழுவின் கீழே இணையத்தைக் கவனிக்க 'இன்டர்நெட் செல்' என்று ஒரு தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். அதற்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அப்போது என்னிடம் இருந்தது பட்டன் வைத்த போன். அந்தத் தகவலை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் இணைக்கவில்லை.

இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. ஏ.சி. கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆபரேட்டராக ஷகிலா. செவ்வாப்பேட்டையிலிருந்து வருகிற ஒப்பந்தப் பணியாளர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். எனக்கு நாள் முழுக்கத் தெரியாததெல்லாம் அவருக்கு டீ குடித்து முடிப்பதற்குள் தெரியும். வேட்பாளர்களின் பக்கங்களைத் தினமும் அச்செடுத்துக் கோப்பில் தைக்கச் சொன்னேன். அச்செடுத்தார். நேரலையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது அதற்கும் அலுவலகப் பிரதி ஒன்று வேண்டும் என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பேசி முடிக்கட்டும் சார்" என்றார்.

மூன்றாம் நாள் நான் செய்தது இன்னும் அலுவலகத்தில் பேசப்படுவதாகக் கேள்வி. அலுவலகத்தின் கணக்கிலிருந்து ஒரு வேட்பாளரின் பக்கத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். அடியில் கட்டைவிரல் படம் இருந்தது. பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளம் அதுதான் என்று நினைத்தேன். கோப்பைப் பார்த்தால் இனிஷியல் போட்டுப் பழகிய கை, அமுக்கிவிட்டேன். எல்லா வேட்பாளர்களுக்கும் வரிசையாக அமுக்கியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ஒருவருக்கு அமுக்கியதும் டீ வந்துவிட்டது. மதியத்துக்குள் எதிர்க்கட்சி ஏஜென்ட் புகாரோடு நின்றார், தேர்தல் அதிகாரிகளே அவருக்கு விரல் தூக்குகிறார்கள் என்று. என் விளக்கத்தை நானே எழுதினேன்: மேற்படி விரல் பார்வையிடப்பட்டதற்கு அத்தாட்சியாக மட்டுமே வைக்கப்பட்டது.

அந்த விளக்கத்தைப் படித்தும் சிரிக்காதவர் கலாவதி மேடம் ஒருவர்தான். அவர்தான் எனக்கு மேலதிகாரி. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மேடம் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. பருத்திப் புடவை, மேசையில் ஒரு பென்சில், ஒரு ரப்பர், மூடி போட்ட டம்ளரில் வெந்நீர். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். எங்காவது சந்தேகம் வந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். கேள்வி எழுத மாட்டார், கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டார். எழுதினால் அது பதிவாகிவிடும், பேசினால் திரித்துவிடுவார்கள், புள்ளியை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் கணக்கு. புள்ளி எதற்காக என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது கீழே இருப்பவர் வேலை. சரிசெய்து கோப்பு மறுபடி மேலே போனால் ரப்பரை எடுத்துத் தன் கையாலேயே புள்ளியை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

புள்ளிக்கு அர்த்தம் என்ன என்று அவரிடமே போய்க் கேட்கலாம்தான். யாரும் கேட்டதில்லை. கேட்டால், இத்தனை வருட சர்வீஸ் எதற்கு என்று ஆகிவிடும். அதிலும் நான் புள்ளி படிப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். வேறு பிரிவு ஆட்கள் புள்ளி வைத்த கோப்போடு வந்து என் மேசை முன் நிற்பார்கள். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துப் பலன் சொல்வேன்.

அந்தத் தேர்தலில் எல்லா வேட்பாளர்களுக்கும் திடீரென்று இணையத்தின் மேல் அக்கறை வந்திருந்தது. தொகுதியில் பாதி நெல் வயல், பாதி தொழிற்பேட்டை. இரண்டிலும் எல்லார் கையிலும் போன். மனை வியாபாரம் செய்துவந்த பெரிய கட்சி வேட்பாளர், தெருவுக்குத் தெரு இலவச வைஃபை, வரம்பே கிடையாது என்று விளம்பரம் கொண்டுவந்தார். அவர் விற்ற மனைகளுக்கு இன்னும் தெருவே வரவில்லை. எதிர்க்கட்சி வேட்பாளர் ஆன்லைன் சூதாட்டத்தை அடியோடு ஒழிப்பேன் என்றார். அவருடைய ஏஜென்ட் சான்றிதழுக்குக் காத்திருந்த நேரம் முழுவதும் எங்கள் வராந்தாவில் போனில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் ஒரு சுயேச்சை, ஆந்திர எல்லையோரம் பத்து ஏக்கர் நெல் போடுகிற பெரியவர். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஊருக்கு இணையமே கிடையாது என்பது அவர் கொள்கை.

"இன்னா நைனா இது, பசங்க ராவெல்லாம் முழிச்சிக்கினு போன நோண்டிக்கினு கீதுங்க. காலைல நாத்து நட ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டேங்கறான். கரண்டு ஆபீஸ்ல பீஸ் புடுங்கற மாதிரி இதுக்கு எங்க புடுங்கணும்? அத மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டி, அது மேலிடத்தில் இருக்கிறது என்றேன்.

மூவருடைய விளம்பரங்களும் ஒரே நாளில் சான்றிதழ் வாங்கிப் போயின. இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. நாங்கள் உண்மையைச் சோதிக்கிற இடம் இல்லை. இணைப்பைச் சோதிக்கிற இடம்.

நாலாவதாக வந்தவர் எஸ்தர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவுத் தொழிலாளி. முப்பத்தெட்டு வயது இருக்கும். சுயேச்சை, ஜன்னல் சின்னம். சின்னம் ஒதுக்கிய மறுநாளே வந்துவிட்டார். ஒரு விண்ணப்பம், ஒரு தாளில் கையால் எழுதிய வாசகம், பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்ட் போட்ட பென்டிரைவ். வீடியோ நாற்பத்தெட்டு நொடி. வீட்டுச் சுவரை ஒட்டி நின்று போனைப் பார்த்துப் பேசியிருந்தார். அந்த வாசகத்தைப் பிறகு ஒன்பது நாளும் படித்ததால் இன்றும் மனப்பாடம்:

"எம் பேரு எஸ்தரு. என் மூஞ்சிய வேற ஒரு ஒடம்போட ஒட்டி நெட்ல போட்டுட்டாங்க. கீழ என் போன் நம்பரு. அது நான் இல்ல. எங்க போயி சொன்னாலும் லிங்க் கொண்டா, சீல் கொண்டா, ரெண்டு காப்பி கொண்டான்னு திருப்பித் திருப்பி அனுப்பறாங்க. படம் அங்கியே கீது. நான் ஜெயிச்சா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். இந்த மாதிரி கம்ப்ளைன்ட் வந்தா மொதல்ல படத்த எடு, அப்பால பேப்பர கேளு. கேக்கறதுக்கு தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளு, ஒரு நம்பரு வையி. ஜன்னல் சின்னத்துக்கு ஓட்டு போடுங்க."

பார்த்து முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. வாசகம் ஒரு பிரதிதான் இருக்கிறது, இரண்டு வேண்டும்.

விண்ணப்பத்தை முதல் பார்வைக்காக மேடத்துக்கு அனுப்பினேன். அரை மணியில் திரும்பி வந்தது. 'வெளியிடும் இடம்' என்ற கட்டத்தில் 'என் சொந்தப் பக்கம், சும்மா போடுவது' என்று எஸ்தர் எழுதியிருந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புள்ளியைப் படித்தேன். சொந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? முழு முகவரி இல்லை. அதுதான் குறை. இரண்டாம் பிரதியும் பக்க முகவரியும் கேட்டு, என் கையெழுத்தோடு திருப்பிக் கொடுத்தேன். குறை தீரும்வரை கோப்பு மறுபடி மேலே போகாது. அது எங்கள் வழக்கம்.

மின்சார ரயிலில் எங்கள் அலுவலகம் மேற்கு லைனில். அவர் ஊர் வடக்கு லைனில். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி வர வேண்டும். மூன்றாம் நாள் வந்தார். இரண்டு பிரதி இருந்தது, முகவரி இருந்தது. நான் புள்ளியை மறுபடி பார்த்தேன். முகவரி இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் இவருடையதுதான் என்பதற்கு ஆதாரம்? அவர் முகத்தை வேறு ஒருவர் பயன்படுத்தியதாக அவரே சொல்கிறார். அப்படியானால் இந்தப் பக்கத்தையும் வேறு ஒருவர் ஆரம்பித்திருக்கலாம் அல்லவா? இப்படி யோசித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று அவர் உடனே போகவில்லை. எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சீக்கிரம் குடுத்துடுங்க சார். பொண்ணு பதினொண்ணாவது படிக்குது. ஸ்கூல் வேன்ல ஏற மாட்டேன்னு ஒரே பேஜாரு. வேன்ல பசங்க அந்தப் போட்டோவ காட்டிக் காட்டி சிரிக்குதுங்களாம்."

"அதுக்கு எலெக்ஷன்ல எதுக்கும்மா நின்னீங்க? புகார் குடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன். கேட்டவன் நான்.

"குடுத்தேன் சார், ரெண்டு எடத்துல. நான் சும்மா எஸ்தரா பேசினா எவன் சார் கேக்கறான்? வேட்பாளருன்னா எதிராளிங்கக்கூட கேப்பாங்க, ஊட்டு வாசல்ல நின்னு கேப்பாங்க. இந்த வீடியோ வந்துச்சின்னா என் பொண்ணு போன தூக்கிக் காட்டும் சார், எங்கம்மா பேசறா பாருன்னு. ஓட்டு விழுதோ இல்லியோ, அது போதும்."

"ரூல்படி வரட்டும்மா. வந்தா ஒரு நிமிஷத்துல குடுத்துடுவேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதுதான் இதில் மோசமான விஷயம்.

ஐந்தாம் நாள் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தார். அதில் சான்றொப்பம் இல்லை. கெசட்டட் அதிகாரி ஒருவரிடம் வாங்கிவரச் சொன்னேன். ஏழாம் நாள் வந்தபோது ஒரு கால்நடை மருத்துவர் பச்சை மையில் கையெழுத்திட்டிருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் எஸ்தருக்குக் கிடைத்த ஒரே கெசட்டட் அதிகாரி அவர்தானாம். வரிசையில் மாட்டுக்காரர்களோடு நின்று வாங்கியிருக்கிறார். எல்லாம் சரி, முத்திரை மட்டும் மங்கலாக விழுந்திருந்தது. படிக்க முடியவில்லை என்று திருப்பினேன்.

"சார், மாட்டு டாக்டரு நல்லாதான் சார் குத்தினாரு" என்றார் எஸ்தர்.

"தெரியணும்ல்லம்மா."

எஸ்தர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு இப்ப ஸ்கூலுக்கே போறதில்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஷகிலா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

எட்டாம் நாள் மாலை தெளிவான முத்திரையோடு தாள் வந்து சேர்ந்தது. ஒன்பதாம் நாள், பிரசாரம் முடிகிற நாள், மதியம் கோப்பை நானே மேடத்தின் மேசைக்கு எடுத்துப்போனேன். குறையே இல்லாத கோப்பு. வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். மாட்டு டாக்டர் முத்திரையில் ஒரு நொடி நின்றார். முதல் பக்கத்துக்கு வந்தார், புள்ளியைப் பார்த்தார். பிறகு என் சர்வீஸில் முதல் தடவையாக ஒரு புள்ளியைப் பற்றி வாயைத் திறந்தார்.

"ரங்கநாதன், இந்தப் புள்ளி எதுக்கு வெச்சேன்?"

"பக்கம் அவங்களுதுதான்னு ஆதாரம் இல்ல மேடம். இப்ப வாங்கிட்டேன்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "சொந்தப் பக்கம், சும்மா போடறதுன்னு எழுதியிருக்காங்க. காசு கட்டிப் போடற விளம்பரத்துக்குத்தானே நாம சர்டிபிகேட் குடுக்கறோம்? சொந்தப் பக்கத்துல பேசறதுக்கு நம்மகிட்ட வரவே வேண்டாம். அத அவங்ககிட்ட சொல்லி அனுப்புங்கன்னுதான் வெச்சேன். அன்னிக்கே சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒன்பது நாள். அந்த வீடியோவை எஸ்தர் முதல் நாளே, எங்கள் படியேறாமலே, வீட்டில் உட்கார்ந்து போட்டிருக்கலாம்.

மேடம் மறுபடி புள்ளியைப் பார்த்தார். சான்றிதழ் தேவையில்லை என்று இப்போது எழுதினால் ஒன்பது நாளுக்கு யார் பதில் சொல்வது என்று இருவருமே யோசித்தோம். இருவருமே அதைச் சொல்லவில்லை. அவர் ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்தார். தூளை ஊதினார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

"அவங்களுக்கு எப்படிச் சொல்லணுமோ சொல்லிடுங்க" என்றார்.

அதுவும் ஒரு புள்ளிதான். இந்தத் தடவை எனக்கு நன்றாகவே அர்த்தம் தெரிந்தது.

என் மேசைக்கு வந்தபோது மணி இரண்டு நாற்பது. ஆறு மணிக்குப் பிரசாரம் முடிகிறது. எஸ்தருக்குப் போன் செய்தேன். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: உங்க பக்கத்துல இப்பவே போட்டுடுங்கம்மா. சொன்னால் அடுத்த நொடி அவர் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால், முதல் நாளே போட்டிருக்கலாம். இத்தனை வருடமாக நானே கட்டிக்கொண்ட பெயர் அந்த ஒரு வாக்கியத்துக்குக் குறுக்கே நின்றது.

"சர்டிபிகேட் ரெடிம்மா. நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்" என்றேன்.

"இப்பவேவா சார்? ஷிப்டுல கீறேன். சரி, பர்மிஷன் கேட்டுக்கினு வந்துடறேன்" என்றார்.

போனை வைத்தேன். ஷகிலா எழுந்து வந்து என் மேசைப் பக்கம் நின்றார். "சார், நீங்க மேடம் ரூம்ல பேசினது வெளிய கேட்டுச்சி. போன்லயே சொல்லிடலாமே சார், போடச் சொல்லி. அவங்க மூணு மணிநேரம் வண்டில உக்காந்துக்கினு வரணும்."

"புரொசீஜர்னு ஒண்ணு இருக்கும்மா" என்றேன்.

ஷகிலா திரும்பினார். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அன்று மீதி நேரம் அவர் எனக்கு சார் போடவில்லை.

எஸ்தர் ஆறு இருபதுக்கு வந்தார். பேசின் பிரிட்ஜில் ஒரு வண்டியைத் தவறவிட்டிருந்தார். கம்பெனி சீருடை, அட்டை கழுத்தில். கையெழுத்துப் போட்டு, சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆட்சேபகரமானது ஏதுமில்லை என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தார்.

"இப்ப போடலாமா சார்?"

"இல்லம்மா. ஆறு மணியோட பிரசாரம் முடிஞ்சிடுச்சி. இனிமே வேட்பாளர் யாரும் எதுவும் போடக்கூடாது."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன். சான்றிதழைக் கவரில் போட்டுக்கொண்டு, "வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அன்றைய பதிவேட்டை முடித்து, 'நிலுவை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வைஃபை வேட்பாளர் ஜெயித்தார். எஸ்தருக்கு விழுந்த ஓட்டைச் சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. ஒரு கோப்பில்கூடக் குறை விட்டதில்லை என்று எல்லாரும் பேசினார்கள். ஷகிலா மட்டும் பேசவில்லை.

இப்போது இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் அல்லவா? கட்டைவிரல் கதை வரை வேகமாக வந்துவிட்டது. எஸ்தர் இடத்தில் பேனா நின்றுவிட்டது. இரண்டு நாள் பார்த்தேன். பிறகு ஷகிலாவுக்குப் போன் செய்து எஸ்தரின் நம்பரைக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நம்பரைச் சொல்லிவிட்டு, "போயிட்டு வாங்க சார்" என்றார். மறுநாள் வேப்பம்பட்டில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி போனேன். வழியில் ஒரு வண்டி தவறியது. பிளாட்பாரத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். நான் அந்த வழியில் போனது அதுதான் முதல் தடவை.

ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் எஸ்தர் காத்திருந்தார். தலையில் கொஞ்சம் நரை. டீயைக் கையில் வாங்கிக்கொண்டதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த வீடியோவுக்குச் சான்றிதழே தேவையில்லை, முதல் நாளே போட்டிருக்கலாம், கடைசி நாள் போனில் பேசும்போதே எனக்குத் தெரியும்.

"தெரியும் சார். ஷகிலாக்கா மறுநாளே சொல்லிட்டாங்க."

"பின்ன ஏம்மா வந்து சண்டை போடல?"

"இன்னாத்துக்கு? ரெண்டு காப்பில எழுதிக்கினு வான்னு சொல்லுவீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அந்தப் போட்டோவ ஆறு மாசம் கழிச்சி எடுத்துட்டாங்க. யாரு எடுத்தா, இன்னாத்துக்கு எடுத்தாங்கன்னு ஒரு லெட்டரும் இல்ல. நான் ஓட்டுப்போடற நாள் முடிஞ்சதும் என் வீடியோவ போட்டேன். எங்க கம்பெனி பொம்பளைங்க எல்லாம் அனுப்பினாங்க, நல்லாதான் போச்சி. ஆனா பொண்ணு அதுக்குள்ள ஸ்கூல உட்டு நின்னுட்டா சார். நீங்க சீல் தெரிலன்னு அனுப்பனீங்களே, அந்த வாரம். ஒரு வருசம் ஊட்லியே உக்காந்துச்சி. உங்க சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போயி எச்.எம்.கிட்ட காட்டி, சர்க்காரே என்னப் பாத்து தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துக்கீதுன்னு சொல்லி, மறுபடி சேத்தேன். இப்ப காலேஜ் ரெண்டாவது வருசம். அவகூட படிச்சதுங்க எல்லாம் கடைசி வருசம்."

நான் டீயைக் குடிக்கவில்லை. மன்னிச்சிடும்மா என்றேன். அந்த வார்த்தையை அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எஸ்தர் டம்ளரைக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அடுத்த வாட்டியும் நிக்கப்போறேன் சார். அதே வீடியோதான், அதே பேச்சுதான். மொதல்ல படத்த எடு, அப்பால பேப்பர கேளு. சொந்தப் பக்கத்துல சும்மா பேசறதுக்கு சர்டிபிகேட் வாணாம்னு உங்க கையால எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எவனாச்சும் கேட்டா காட்டறதுக்கு."

"நான் ரிட்டையர் ஆயிட்டேன்மா. என் கையெழுத்து இனிமே எங்கயும் செல்லாது."

"பரவால்ல. எழுதுங்க. ரெண்டு காப்பி."

எழுதினேன். வராந்தாவில் எத்தனையோ பேர் என் முன்னால் நின்று எழுதிக் கொடுத்ததைப் போல, டீக்கடைப் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் இரண்டு பிரதி எழுதினேன். பெயர் எழுதி, கீழே ஓய்வு என்று போட்டு, கையெழுத்திட்டு நீட்டினேன்.

எஸ்தர் வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது தாளையும் படித்தார். பிறகு இரண்டையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தேதி போடல சார்."